எதோடு எது, எவ்வளவு? கணையப் புற்றுநோயில் கூட்டு மருந்துகளின் முதல் கட்டச் சோதனை

போன மாசம் பள்ளத்தூருக்குப் போயிருந்தபோது அம்மான் ஒரு காகிதக் கட்டை எடுத்து என் மடியில் போட்டார். சென்னையில் அவர் காட்டும் ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய சம்மதப் படிவம், பதினெட்டுப் பக்கம். முற்றிய நிலைக் கணையப் புற்றுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை, முதல் கட்ட ஆய்வு என்று தலைப்பு. "நம்ம வீட்டுக்குத்தான் ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு இருக்கு. மருந்துக்குமாப்பா கட்டு?" என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என்னயச் சோதனை எலியாக்கப் போறாகளா?" என்றார்.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கீமோ மருந்தை அளந்து கலந்து கொடுக்கிறவன். அதனால் படிவத்தில் இருந்த எண்கள் எனக்குப் பழக்கம்தான். அதிலிருந்த தமிழ்தான் பழக்கமில்லை. 'மருந்தளவை மட்டுப்படுத்தும் நச்சுத்தன்மை நிகழ்வு' என்று எழுதியிருந்தார்கள். ஒரு மனுஷன் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிற வாக்கியமா அது? அன்று மத்தியானம் முகப்பில் உட்கார்ந்து அம்மானிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோய். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கும். சுமார் 15 செ.மீ. நீளம். செரிமான நீரைச் சுரப்பதும் அதுதான், இன்சுலினைச் சுரப்பதும் அதுதான். அவ்வளவு உள்ளே இருப்பதால் அங்கே கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படாது. வயிற்று வலியை வாயு என்போம், முதுகு வலியை வயசு என்போம். கண் மஞ்சளாகி, எடை குறைந்து, ஸ்கேன் எடுக்கும்போது பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை செய்யும் நேரம் கடந்திருக்கும். முற்றிய நிலை என்பதிலும் இரண்டு உண்டு. கட்டி அங்கேயே இருந்து பக்கத்துப் பெரிய ரத்தக் குழாய்களைச் சுற்றிப் பிடித்துக்கொள்வது ஒன்று. கல்லீரல், நுரையீரல், வயிற்றுச் சவ்வு என்று பரவிவிடுவது இன்னொன்று. அம்மானுக்கு இரண்டாவது, கல்லீரலில்.

இந்த நோய்க்கு மருந்து வந்த கதை மெதுவானது. 1996-ல் அமெரிக்காவில் ஜெம்சைடபின் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமாக இருந்த ஆய்வில் 126 பேர். பழைய மருந்து எடுத்தவர்களின் நடு ஆயுள் 4.41 மாதம், ஜெம்சைடபின் எடுத்தவர்களுக்கு 5.65 மாதம். நடு ஆயுள் என்பது சராசரி இல்லை. எல்லோரையும் வாழ்ந்த காலத்தின்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவருடைய காலம் அது. பாதிப் பேர் அதற்குக் குறைவாக வாழ்ந்தார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள், சிலர் வெகுதூரம் தாண்டினார்கள். டாக்டர் ஒரு எண்ணைச் சொன்னதும் அதை நம் தலையில் எழுதிய தேதியாக எடுத்துக்கொள்கிறோமே, அந்தத் தப்பு இங்கேதான் நடக்கிறது.

அதற்கப்புறம் பல வருஷம் ஜெம்சைடபினோடு எதையாவது சேர்த்துப் பார்த்தபடியே இருந்தார்கள். பெரும்பாலும் தோல்வி. 2005-ல் எர்லோடினிப் மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க அனுமதி வந்தது. 5.91 மாதம் 6.24 ஆனது, அதாவது பத்து நாள். வட்டிக் கணக்குப் பார்த்தே வளர்ந்த எங்கள் ஊரில் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நிஜமான மாற்றம் 2011-ல்தான் வந்தது. ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு, அதில் நான்கு சரக்கு: ஃபுளூரோயூராசில், அதற்குக் கைகொடுக்கும் லியூகோவோரின், இரினோடெகான், ஆக்சாலிபிளாட்டின். 342 பேரை வைத்துப் பார்த்ததில் ஜெம்சைடபின் மட்டும் எடுத்தவர்களுக்கு 6.8 மாதம், இந்தக் கூட்டு எடுத்தவர்களுக்கு 11.1 மாதம். 2013-ல் ஜெம்சைடபினோடு நாப்-பாக்லிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து சேர்ந்தது. அந்தக் கதையைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், முதல் கட்டச் சோதனையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எதற்காகச் சேர்க்க வேண்டும்? ஒரே நல்ல மருந்தை அதிகமாகக் கொடுத்தால் ஆகாதா? இதற்குப் பதில் காசநோயில் கிடைத்தது. 1940-களின் கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபோது நோயாளிகள் கிடுகிடுவென்று தேறினார்கள், சில மாதத்தில் பலருக்கு நோய் திரும்பியது. கோடிக்கணக்கான கிருமிகளில் அந்த மருந்துக்கு மசியாத சில இருந்தன. மற்றவை செத்ததும் அவை பெருகின. இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் அது அடங்கியது. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டு மருந்தையும் சேர்த்து வீட்டிலேயே கொடுத்தால் சானடோரியத்தில் படுக்கவைத்துக் கொடுப்பதற்கு அது குறைந்ததில்லை என்று காட்டியது. கூட்டு மருந்து என்பது நமக்குப் புதுசில்லை. 1960-களில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து அதே பாடத்தைப் புற்றுநோய்க்கும் கொண்டுவந்தார்கள்.

கணையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டியில் புற்றுச் செல்கள் கொஞ்சம்தான். சுற்றிலும் நார்த் திசு கெட்டியாக இறுகிக் கிடக்கும், ரத்தக் குழாய்கள் அதில் நசுங்கிவிடும். அம்மானிடம் பட்டாலைச் சுவரைக் காட்டினேன். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, தண்ணீரை ஊற்றினால் முத்துமுத்தாக வழிந்து போகும், உள்ளே இறங்காது. கட்டிக்குள் மருந்து போவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். "அப்ப சுவத்தை இடிச்சிட்டு மருந்தை ஊத்த வேண்டியதுதானே?" என்றார் அம்மான்.

ஆராய்ச்சியாளர்களுக்கும் அதே யோசனை வந்தது. அந்த நார்த் திசுவில் நிறைந்திருக்கும் ஹையலூரானிக் அமிலத்தைக் கரைக்கும் ஒரு நொதியை, பெக்-பிஎச்-20 என்பது அதன் பெயர், ஃபோல்ஃபிரினாக்ஸோடு சேர்த்து அமெரிக்காவில் ஆரம்ப நிலைச் சோதனை நடத்தினார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! முடிவு 2019-ல் வெளியானது. கீமோ மட்டும் எடுத்தவர்களின் நடு ஆயுள் 14.4 மாதம். நொதியும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 7.7 மாதம். ஏறக்குறைய பாதி. பக்கவிளைவுகள் கூடியதால் அடிப்படை கீமோவையே குறைவான சுற்றுகள்தான் கொடுக்க முடிந்தது. சுவர் என்று நினைத்தது ஒருவகையில் வேலியாகவும் இருக்கலாம், அதை எடுத்தால் நோய் வேகமெடுக்கிறது என்று எலிகளில் செய்த ஆய்வுகள் 2014-லேயே எச்சரித்திருந்தன. இரண்டு நல்லதைச் சேர்த்தால் இன்னும் நல்லது வரும் என்று கணக்குப் போடுகிறோம், உடம்பு அப்படிக் கூட்டுவதில்லை. ஒரு மருந்து இன்னொன்றைக் கல்லீரல் வெளியேற்றும் வேகத்தை மாற்றலாம். இரண்டும் ஒரே இடத்தில், உதாரணமாக எலும்பு மஜ்ஜையில், கை வைக்கலாம். மிளகும் மிளகாயும் சேர்ந்த குழம்பு மாதிரி, தனித்தனியாகத் தாங்கிய காரம் சேர்ந்ததும் தாங்காது. அதனால்தான் கூட்டுக்கு என்று தனியாக ஒரு முதல் கட்டச் சோதனை வேண்டியிருக்கிறது, உள்ளே போகிற மருந்துகள் ஏற்கெனவே தெரிந்தவையாக இருந்தாலும்.

சரி, கட்டம். எங்கள் வீட்டில் முகப்பில் நின்றால் வளவு தாண்டி, ரெண்டாங்கட்டு தாண்டி, பின்வாசல் வரை ஒரே நேராகத் தெரியும். மருந்துச் சோதனையில் அப்படித் தெரியாது. ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கிற கேள்வியே வேறு. மூன்றாம் கட்டத்தில், இப்போது கொடுப்பதைவிட இது மேலா என்று நூற்றுக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில், கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். முதல் கட்டத்தின் கேள்வி ஒன்றே ஒன்று: எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும்? குணமாகுமா என்பது அங்கே முதல் கேள்வி இல்லை. இதை அம்மானிடம் இரண்டு தடவை சொன்னேன், ஏனென்றால் படிவத்தில் இது பதினோராம் பக்கத்தில்தான் இருந்தது.

எப்படி அளவு பிடிக்கிறார்கள்? அந்த நேரம் பார்த்து அயித்தை உள்ளே வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு வசதியாகப் போயிற்று. எங்கள் பக்கத்து அளவு தெரியும்தானே. டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு. உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைத்துப் போகும். ஆட்டி முடித்ததும் அயித்தை ஒரே ஒரு கரண்டி ஊற்றி, அது உப்பி எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். சரியில்லை என்றால் மாவில் ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாது. கூட்டு மருந்துச் சோதனையிலும் பெரும்பாலும் ஒரு மருந்தை வழக்கமான அளவில் நிறுத்திவைத்து, மற்றதைக் குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். பணியாரம் கெட்டால் காக்காய்க்குப் போடலாம், இங்கே அது முடியாது. எனவே ஆரம்ப அளவு வேண்டுமென்றே தாழ்வாக இருக்கும்.

இதில் அதிகம் புழங்கும் முறைக்கு 'மூன்றும் மூன்றும்' என்று பெயர். ஒரு படியில், அதாவது ஓர் அளவு மருந்தில், முதலில் மூன்று பேர். அவர்களை முதல் சுற்று முழுக்க, அதாவது 21 அல்லது 28 நாள், உன்னிப்பாகக் கவனிப்பார்கள். மூவருக்கும் கடுமையான தொந்தரவு இல்லையென்றால் அடுத்த மூவர் அடுத்த படிக்குப் போவார்கள். ஒருவருக்கு மட்டும் வந்தால் அதே படியில் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்த ஆறில் வேறு யாருக்கும் வராவிட்டால் மேலே ஏறலாம். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் நிறுத்தம், அதற்குக் கீழ்ப் படிதான் 'தாங்கக்கூடிய உச்ச அளவு'. இப்போது கணினிக் கணக்கு வைத்துப் படியேற்றும் புது முறைகளும் வந்துவிட்டன, ஆனாலும் இந்த மூவர் கணக்கு இன்னும் போகவில்லை.

கடுமையான தொந்தரவு என்பதில் முடி கொட்டுவது சேராது. பக்கவிளைவுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்திருக்கிறார்கள். மூன்று கடுமை, நான்கு உயிருக்கு ஆபத்து, ஐந்து மரணம். உதாரணத்துக்கு, கிருமியை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கினால் அது நான்காம் தரம். அதோடு காய்ச்சலும் வந்தால் பாதி ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். படிவத்தில் மிரட்டிய அந்த 'மட்டுப்படுத்தும் நச்சுத்தன்மை' இதுதான். இதற்கு மேல் ஏற்றாதே என்று அளவுக்குத் தடை போடும் பக்கவிளைவு. அப்படி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இப்போது அந்த நாப்-பாக்லிடாக்செல் கதை. இதன் முதல் இரண்டு கட்டச் சோதனையைச் சேர்த்து நடத்தி 2011-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 67 பேர். ஜெம்சைடபினை 1000 மி.கி. என்று நிறுத்திவிட்டு, நாப்-பாக்லிடாக்செலை 100, 125, 150 என்று வைத்துப் பார்த்தார்கள். இந்த எண்கள் உடம்பின் மேற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு. அம்மான் மாதிரி 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு 125 என்றால் கையில் ஏறுவது 200 மி.கி., ஜெம்சைடபின் 1600 மி.கி. மருந்தகத்தில் நான் தினமும் போடும் பெருக்கல் அது. 28 நாள் சுற்றில் 1, 8, 15-ஆம் நாள்களில் மருந்து, நான்காவது வாரம் ஓய்வு. தாங்கக்கூடிய உச்ச அளவு 125 என்று நின்றது. அந்த அளவில் 44 பேருக்குக் கொடுத்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு, 48 சதவீதம், கட்டி சுருங்கியது. நடு ஆயுள் 12.2 மாதம். அப்போது இருந்த நிலைமையில் இது பெரிய செய்தி.

அதே அளவு, அதே நாள்கணக்கு, மூன்றாம் கட்டத்தில் 861 பேர். நடு ஆயுள் 8.5 மாதம், ஜெம்சைடபின் மட்டும் எடுத்தவர்களுக்கு 6.7. மருந்து ஜெயித்தது, உலகமெங்கும் வழக்கத்துக்கு வந்தது, இன்றைக்கும் நான் கலந்து கொடுக்கிறேன். ஆனால் 12.2 எங்கே போனது? யாரும் பொய் சொல்லவில்லை. 44 பேர் என்பது சின்னக் கூட்டம், அதில் நாலைந்து பேர் நன்றாகத் தேறினாலே எண் எகிறிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் ஒரு குழு இல்லை. ஆரம்பச் சோதனைக்குள் வருகிறவர்கள் பொதுவாகவே தெம்பானவர்கள். அப்புறம், பத்துக் கூட்டுகளைச் சோதித்தால் பளிச்சென்று தெரிந்தது மட்டும்தான் மூன்றாம் கட்டத்துக்கு மேலேறும், அந்தப் பளிச்சில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். பேப்பரில் 'புற்றுநோய்க்குப் புது மருந்து' என்று வரும் செய்திகளில் பல இந்த 44 பேர் நிலையில் எழுதப்படுபவை. எத்தனை பேர், எந்தக் கட்டம் என்று முதலில் தேடுவது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

தெம்பு என்றேன் அல்லவா, அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. பூஜ்யம் என்றால் எந்தக் குறையுமில்லாமல் நடமாட்டம். ஒன்று என்றால் கடின வேலை முடியாது, மற்றபடி சரி. நான்கு என்றால் முழு நேரமும் படுக்கை. ஃபோல்ஃபிரினாக்ஸ் ஆய்வில் பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே சேர்த்துக்கொண்டார்கள். அம்மான் காலையில் ஊருணி வரை நடந்து வந்து திண்ணையில் பேப்பர் படிக்கிறார், ஆனால் வண்டியில் மூட்டை ஏற்றுவதை விட்டுவிட்டார். ஒன்று என்று போட்டிருந்தார்கள். சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

"அதெல்லாம் சரிப்பா, எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். மழுப்பவில்லை. 1991 முதல் 2002 வரை அமெரிக்காவில் நடந்த 460 முதல் கட்டப் புற்றுநோய்ச் சோதனைகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை 2005-ல் வந்தது. எல்லாவகைப் புற்றுநோயும் சேர்த்து, ஏறக்குறைய 12,000 பேர். கட்டி குறிப்பிடும்படி சுருங்கியது 10.6 சதவீதம் பேருக்கு. மருந்தின் நச்சால் இறந்தவர்கள் 0.49 சதவீதம், இருநூறில் ஒருவர். புத்தம் புது கீமோ மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்த சோதனைகளில் கட்டி சுருங்கியது 4.4 சதவீதம்தான். ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்து ஒன்றாவது கூட்டில் இருந்தால் 17.8. கணையம் மட்டும் என்றால் கணக்கு மாறும், புது மருந்துகள் வந்தபின் காலமும் மாறிவிட்டது. ஆனாலும் கூட்டுச் சோதனையில் இருப்பவர் வெறும் கையோடு நிற்பதில்லை, பழைய நல்ல மருந்து ஒன்று அடியில் ஓடிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரிந்தவரை அதன் பெரிய அனுகூலம்.

அவருக்குச் சொல்லியிருக்கும் கூட்டும் அப்படித்தான்: அடியில் ஜெம்சைடபினும் நாப்-பாக்லிடாக்செலும், மேலே ஒரு மாத்திரை. கணையப் புற்றில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேராஸ் என்ற மரபணு கெட்டுப்போய், செல்லுக்கு 'வளர், வளர்' என்று உத்தரவு போட்டபடியே இருக்கும். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தில் மருந்து ஒட்டிக்கொள்ள இடமே இல்லை என்று பல வருஷம் கைவிட்டிருந்தார்கள். 2021-ல் நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் கேராஸ் மாத்திரை அனுமதி பெற்றது. அது தடுப்பது கேராஸ் கெட்டுப்போகும் பல வகைகளில் ஒன்றைத்தான், கணையத்தில் அந்த வகை அபூர்வம். இப்போது மற்ற வகைகளையும் பிடிக்கும் மாத்திரைகளைப் பழைய கீமோவோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். மாத்திரையால் தோலில் தடிப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம், கீமோவால் வெள்ளணு குறையலாம். இரண்டும் வேறு வேறு இடம் என்பது நல்ல விஷயம், சேர்ந்தால் எவ்வளவு என்பதுதான் இந்தச் சோதனையின் கேள்வி.

சட்டப் பக்கம் சுருக்கமாக. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளாமல் சோதனை நடத்த முடியாது. அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருந்தால் போதாது, சட்டம் தெரிந்தவர் ஒருவர், சாதாரணப் பொதுஜனம் ஒருவர், ஒரு பெண் கட்டாயம். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும், சோதனைதான் காரணம் என்று தெரிந்தால் நஷ்டஈடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. சோதனை மருந்துக்குக் காசு கேட்டால் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு சோதனையும் மத்திய அரசின் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2007-ல் தொடங்கி, 2009 ஜூன் 15 முதல் கட்டாயமாக்கினார்கள். படிவத்தில் இருந்த பதிவு எண்ணைப் போனில் தட்டி அம்மானுக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தார், பேரேட்டில் பற்று வரவு சரிபார்க்கிற அதே முகத்தோடு.

"எனக்கு முன்னாடி எத்தனை பேருக்குக் குடுத்திருக்காக?" என்றார். மூன்று பேர், முதல் படியில். இவர் இரண்டாம் படியில் முதல் ஆள். "அந்த மூணு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே?" இதை டாக்டரிடம் நேராகக் கேட்கலாம், பெயர் சொல்ல மாட்டார்கள், என்ன தொந்தரவு வந்தது என்று சொல்வார்கள் என்றேன். அவருடைய குறிப்பேட்டில் முதல் கேள்வியாக அதை எழுதிக்கொண்டார். ராத்திரி காய்ச்சல் வந்தால் காரைக்குடியிலேயே எங்கே போவது, யாருக்குப் போன் செய்வது என்பது இரண்டாவது, அது அயித்தை சொல்லி எழுதியது. அடுத்து, ரத்தம் எடுக்கும் நாள் என்னென்ன என்றார். 1, 8, 15, 22 என்று சொன்னேன்.

காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து நாலு நாளையும் வட்டம் போட்டார். "நாலு நாளும் ஞாயித்துக்கிழமைல வருது. ஆஸ்பத்திரி இருக்குமா?" படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்று இருந்ததைக் காட்டினேன். "அப்ப திங்கக்கிழமை. சனிக்கிழமையே பல்லவன் ரயில்ல டிக்கெட் போட வேணாம், ஞாயித்துக்கிழமை போட்டாப் போதும்" என்றவர் உள்ளே திரும்பி, "ஏங்க, பணியாரம் ஆறிப்போகுது பாருங்க" என்று அயித்தை கூப்பிட்டதற்கு எழுந்து போனார்.